மரச்சீனியும் கையில் ஒட்டிய சென்சாரும்

அண்ணாச்சிக்கு வணக்கம். வயது 58. சுகர் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன், கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் ஒன்றை அனுப்பினான். போன வாரம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்குதான்) சாளை மீன் கறியும் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் 162. ஆப்பில் சிவப்புக் கோடு. அன்றோடு கிழங்கை நிறுத்திவிட்டேன், மட்டி வாழைப்பழமும் போச்சு. இப்போது அந்த ஆப்பிலேயே விற்கிற மாவில் ரொட்டி. நான் செய்வது சரியா?
— ச., குழித்துறை

அன்புள்ள ச.,

162 எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதவில்லையே. சுகர் இல்லாதவர்களுக்கும் மாவுச்சத்து சாப்பிட்டால் கொஞ்ச நேரம் 140-ஐத் தாண்டும். கணையம் இன்சுலினைச் சுரந்து அதை இறக்கிவிடும். அதன் வேலையே அதுதான்.

நானும் இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம். 58 என்று காட்டுகிறது. வீட்டில் பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிவிட்டார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 96. அந்தக் கையை அழுத்திப் படுத்திருக்கிறேன், அவ்வளவுதான். சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையிலுள்ள நீரில்தான் அளக்கிறது. ரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கித்தான் வரும். மேலே அழுத்தம் விழுந்தால் குறைத்துக் காட்டும்.

'உன் உடம்புக்கேற்ற உணவு' என்று இந்த ஆப்காரர்கள் செய்யும் விளம்பரத்துக்கு ஒரு வேர் உண்டு. 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரிடம் ஆராய்ந்து, ஒரே சாப்பாடு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சர்க்கரையை ஏற்றுகிறது என்று சொன்னது. நல்ல ஆய்வுதான். ஆனால் பிற்பாடு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் அதே ஆளுக்கு அதே சாப்பாட்டை ஒரு வாரம் விட்டுக் கொடுத்துப் பார்த்தபோது, அந்த ஒருவருக்கே கணக்கு மாறி மாறி வந்தது. நீங்களோ ஒரே ஒரு மத்தியானத்தை வைத்து மரச்சீனியை ஊர்விலக்கு செய்துவிட்டீர்கள்! இன்னொன்று: கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அதனால் ஐஸ்கிரீமுக்குக் கிழங்கைவிடச் சின்ன மேடுதான் வரும். அதற்காக ஐஸ்கிரீமைக் கும்பிட முடியுமா?

கருவியைக் குறை சொல்லவில்லை. இன்சுலின் போடும் குழந்தைகளுக்கு அது பெரிய வரம், குத்திக் குத்தி விரல் புண்ணாவது மிச்சம். ஆனால் 2024-இல் அமெரிக்காவில் இன்சுலின் போடாதவர்கள் மருந்துச் சீட்டில்லாமலே வாங்கலாம் என்று அனுமதி கிடைத்தது. நோயில்லாதவரிடமும் விற்கலாம் என்றால் சந்தைக்கு ஏது வேலி? அவரிடம் விற்பதற்குப் பயம் வேண்டும். பயத்துக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி 10 கோடிப் பேருக்கு நீரிழிவு.

கிழங்குக்காக வக்காலத்தும் வாங்கமாட்டேன். அது மாவுச்சத்து மூட்டைதான். விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் அதைப் பரப்பினார். அன்று அதைத் தின்றவர்கள் மண் வெட்டினார்கள், பனை ஏறினார்கள். நாம் தின்றுவிட்டு நாற்காலியில் சாய்கிறோம். அளவைப் பாதியாக்குங்கள், மீனைக் கூட்டுங்கள், சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்கள்.

அப்புறம், லேபில் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும், சென்சார் விலையில் ஒரு துண்டுகூட ஆகாது. 5.7-க்குக் கீழே என்றால் சென்சாரைக் கழற்றிவிடலாம். 5.7-இலிருந்து 6.4 வரை என்றால் எச்சரிக்கை; 6.5-ஐத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள், ஆப்பை அல்ல.

ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். மிச்ச மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அவர்களையும் பயமுறுத்திவிடாதீர்கள்.