"அந்தக் கெட்டவன் கடசீல செத்தானா?"

அன்புள்ள ஐயா,

கேரள-தமிழக எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தமிழ் வழிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். 'விதேயன்' என்ற மலையாளப் படம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் அந்தப் படத்தைப் போட்டோம். நானும் என் கணவரும் மாமனாரும் உட்கார்ந்தோம். மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. பையனாக இருந்த நாளிலிருந்து பல வருஷம் ஒரு பண்ணாடியின் (நிலச்சொந்தக்காரரின்) தோட்டத்தில் ஆளாக இருந்தவர். படத்தில் முதலாளி பட்டேலர், கூலியாள் தொம்மியின் முகத்தில் துப்பியதுமே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். "இதையெல்லாம் என்னத்துக்குச் சாமி சினிமாவா எடுக்கறாங்க? நாங்க பாக்காததா?" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அவர் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். இந்த மாதிரி இருட்டான படங்கள் யாருக்காக? பட்டவர்களுக்கு இது மறுபடியும் வலி. படாதவர்கள் ஒரு ராத்திரி பதறிவிட்டு, மறுநாள் "என்ன படம்டா" என்று பேசிக்கொள்ளலாம். இதில் யாருக்கு என்ன நன்மை?

இன்னொன்றும் சொல்லவேண்டும். மூன்று நாள் கழித்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்தக் கெட்டவன் கடசீல செத்தானா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நாங்களும் முழுசாப் பாக்கலீங்க மாமா" என்று பொய் சொல்லிவிட்டேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் மாமனாரிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். 'எல்லோரும் பார்க்கவேண்டிய படம்' என்று எழுதியவன் நான். அப்படி எழுதியது தவறு. யாரோடு உட்கார்ந்து பார்ப்பது, முன்கூட்டி என்ன சொல்லிவைப்பது என்று இரண்டு வரி சேர்த்திருக்கலாம். மம்மூட்டி படம் என்றுதானே அவர் வந்து உட்கார்ந்திருப்பார்? நம் எல்லையோர ஊர்களில் அந்த முகத்துக்கு இருக்கிற பிரியம் தெரிந்ததுதான். அந்த முகமே காறித் துப்பும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அவர் எழுந்து போனதைப் படம் புரியாததாகவோ தாங்கமுடியாத பலவீனமாகவோ நான் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே நடப்பது என்ன என்று அந்த அறையில் முதலில் தெரிந்துகொண்டவர் அவர். நீங்களும் உங்கள் கணவரும் கதையாகப் பார்த்ததை அவர் உடம்பால் பார்த்துவிட்டார். இப்படி எழுந்து போகிறவர்களைப் பார்த்து, 'நல்ல சினிமாவுக்குத் தயாராகாதவர்கள்' என்று சொல்கிற சினிமா ரசிகர்கள் உண்டு. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரும்.

சரி, யாருக்காக என்ற கேள்விக்கு வருகிறேன். பதிலை என் வீட்டிலிருந்துதான் தொடங்க முடியும்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, கொழிஞ்சாம்பாறையில் பக்கத்து வீட்டு டிவியில், ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். அப்படித்தான் 'எலிப்பத்தாயம்' பார்த்தேன். 1981இல் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த படம். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் சதர்லாந்து பரிசு வாங்கியது. இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பழைய வீடு, உண்ணி என்று ஒரு ஆள், அவனுக்கு வடித்துக்கொட்டியே தேய்ந்துபோகிற அக்கா தங்கைகள். பாதையில் சேறு கிடந்தால் அந்த ஆள் தாண்டமாட்டான், திரும்பி வீட்டுக்கே வந்துவிடுவான். கூடப்பிறந்த ராஜம்மா வலியில் சுருண்டு கிடக்கும்போதும் அவனுக்கு எழத் தோன்றாது. பொறியில் விழுந்த எலியைக் குளத்தில் முக்குவது படத்தில் திரும்பத் திரும்ப வரும். சின்னப் பையன்கள் நாங்கள் முதல் தடவை சிரித்தோம். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. ரத்தம் கிடையாது, பேய் கிடையாது. ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, மலையாளம் நன்றாகத் தெரியும். படம் முடிந்ததும் புடவையை உதறிக்கொண்டு எழுந்தவர், "நம்ம பெரியவனாட்டவே இருக்கறான்" என்றார். பெரியவன் என்றது என் பெரிய மாமாவை. வெந்நீர் வைத்துக் கொடுப்பதிலிருந்து செருப்பை எடுத்துப் போடுவதுவரை அவருக்கு எங்கள் சித்தி செய்வார். சித்திக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அதுவரை நான் யோசித்ததே கிடையாது. அன்று சாயங்காலம் சித்தி காப்பி கொண்டுவந்து கொடுத்தபோது என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆண்பிள்ளைதானே?

அந்தப் படம் பட்டவர்களுக்காக எடுத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்காக எடுத்தது. சித்திக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. பார்த்துத் திடுக்கிடவேண்டியவன் நான்.

'விதேயன்' இன்னும் கடினம். அதுவும் அடூர் எடுத்ததுதான். 1993இல் வந்த படம், அதற்கும் 'பொந்தன்மாட'வுக்கும் சேர்த்து மம்மூட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒன்றில் ஆண்டை, இன்னொன்றில் அடிமட்டத்து உழைப்பாளி. படத்துக்கு மூலமான, மலையாள எழுத்தாளர் சக்கரியாவின் குறுநாவலுக்கு 'பாஸ்கர பட்டேலரும் என்றெ ஜீவிதமும்' என்று பெயர். 'என்றெ ஜீவிதம்', என் வாழ்க்கை, என்று சொல்பவன் தொம்மி. வயநாட்டிலிருந்து தென்கன்னடத்துக்குப் பிழைக்கப் போன கூலி. உங்கள் மாமனார் பார்த்தது முதல் அடியை மட்டும். என்னைப் பல நாள் தூங்கவிடாதது அதற்குப் பின்னால் வருவது. தொம்மியின் மனைவி ஓமனாவைப் பட்டேலர் எடுத்துக்கொள்கிறார். அவள் உடம்பில் பட்டேலரின் சென்ட் வாசனை இருக்கிறது. கொஞ்ச நாளில் அந்த வாசனை தொம்மிக்குப் பிடித்துப்போகிறது. அடித்தவன் வாசனையை நெஞ்சு நிறைய இழுக்கிறான் பாருங்கள், அங்கேதான் படம் நம்மை மடக்குகிறது. பட்டேலரை வெறுப்பது சுலபம். தொம்மியை என்ன செய்வது?

எங்கள் ஊர் வாசகசாலையில் நாங்கள் சிலபேர் சேர்ந்து படம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒருமுறை இதைப் போட்டோம். கள்ளிறக்கிவிட்டுக் குளித்துவந்து உட்கார்ந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். படம் முடிந்ததும் நான் எழுந்து நிலப்பிரபுத்துவம், 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது என்றெல்லாம் பேச ஆரம்பித்தேன். அவர்களில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் இருக்கட்டுங்க. பட்டேலன் செத்தா அவன் எதுக்குங்க அப்படித் துடிக்கறான்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் அவரே சொன்னார். அவருடைய அப்பாவுக்கு நிலத்தில் பாத்தியதை வந்த பிறகும், பழைய முதலாளி வீட்டு வழியாகப் போகும்போது தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு இறங்கிவிடுமாம். இவர் சின்ன வயதில் அப்பாவோடு அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார். "பயம்னு நெனச்சேன். பயம் மட்டும் இல்லீங்க போல" என்றார். வாசகசாலையைப் பூட்ட அன்றைக்கு நடுராத்திரி ஆகிவிட்டது. என் பேச்சை நான் முடிக்கவே இல்லை.

அதனால், பட்டவர்களுக்கு இதில் வலி மட்டும்தான் என்று நீங்கள் எழுதியதை என்னால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. சிலருக்கு அப்படி. சிலர் அதைப் பேச ஒரு இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். எவருக்கு எது என்று வெளியிலிருந்து தீர்மானிக்க நமக்கு உரிமை இல்லை. கதவு திறந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். போகிறவர் போகலாம், வருகிறவர் வரலாம்.

படாதவர்கள் ஒரு ராத்திரி பதறுவது பற்றி நீங்கள் எழுதியது பல படங்களுக்கு உண்மை. வரிசையாகப் பெண்களைக் கொல்கிறவனைப் பற்றிய படங்கள் எத்தனை வந்துவிட்டன. ஒளியமைப்பு, இசை எல்லாம் பிரமாதமாக இருக்கும். பார்த்து முடித்தபின் கொலைகாரனின் முகம், அவன் பேசிய வசனம், கடைசித் திருப்பம் எல்லாம் ஞாபகம் இருக்கும். செத்த பெண்களில் ஒருத்தியின் பெயரையாவது சொல்லுங்கள் பார்ப்போம் என்றால் வராது. எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை இது. 'விதேயன்' பார்த்து இத்தனை வருஷம் ஆகியும் ஓமனா, சரோஜா இரண்டு பெயரும் எனக்கு மறக்கவில்லை. சரோஜா பட்டேலரின் மனைவி, நல்லவள், புருஷன் கையாலேயே சாகிறவள். பெயர் மறக்கிற படங்களை நான் மறுபடி பார்ப்பதில்லை, யாருக்கும் சொல்வதும் இல்லை.

இன்னொரு மனிதரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். நமக்கு ஒரு மணி, ஒன்றரை மணி பஸ் தூரத்தில் இருக்கும் கோயம்புத்தூரின் ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமார். குண்டூருக்குப் பிழைக்கப் போன இடத்தில் செய்யாத குற்றத்துக்காகப் போலீஸ் அவரைப் பிடித்து லாக்கப்பில் வைத்து அடித்தது. அதை அவர் 'லாக்கப்' என்று புத்தகமாக எழுதினார். வெற்றிமாறன் அதிலிருந்துதான் 'விசாரணை'யை எடுத்தார். 2015இல் வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள். அந்தப் படத்தில் அடி விழும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன், சத்தம் மட்டும் கேட்டது, அது இன்னும் மோசம். ஆனால் 'இது யாருக்காக' என்று அந்தப் படத்தைப் பார்த்து என்னால் கேட்க முடியாது. அடிபட்டவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நமக்குத் தெரியவேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். வேலை தேடி எல்லை தாண்டிப் போகிறவர்களும், தாண்டி வருகிறவர்களை வேலைக்கு வைக்கிறவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுத் தோப்பில் வந்து தங்கியிருக்கிற அஸ்ஸாம் பையனைப் போலீஸ் கூட்டிப்போனால் 'ஏதாவது செய்திருப்பான்' என்று சொல்லிவிட்டுப் போகிற ஆளாக நானும் இருந்திருக்கிறேன். அந்தப் படத்துக்குப் பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி உங்கள் மாமனார். படத்தை மறுபடி பார்க்கச் சொல்லாதீர்கள். ஆனால் மூன்று நாள் மனதில் வைத்திருந்து கேட்டிருக்கிறார், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள் அம்மணி. பொய் சொன்னதையும் ஒத்துக்கொள்ளுங்கள், அவர் கோபிக்க மாட்டார். மாட்டுக் கொட்டகையிலேயே சொல்லலாம். ஆமாங்க மாமா, சுட்டுக் கொன்னுட்டாங்க. அந்தத் தொம்மி முதல்ல நம்ப மாட்டாம கெடந்தான். அப்புறம் எந்திரிச்சு பட்டேலனோட துப்பாக்கியை வீசி எறிஞ்சுட்டு, பொண்டாட்டிகிட்ட ஓடிப் போனானுங்க.

அவர் ஏதாவது சொன்னால் எனக்கு எழுதுங்கள்.