கூடாரத்தில் இருந்தவர்கள் கேட்ட கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் லட்சம் லட்சமாகக் கட்டணம் கட்டிப் படிக்கும் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் 2024இல் புல்வெளியில் கூடாரம் அடித்து முழக்கம் எழுப்பினார்களே, அதனால் காஸாவில் ஒரு குழந்தையாவது பிழைத்ததா? படிக்கப் போன இடத்தில் படிப்பதல்லவா முறை?
(வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: ஒரு குழந்தை பிழைத்தது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கூடாரம் அடித்தால் குண்டுவீச்சு நின்றுவிடும் என்று அந்த மாணவர்களும் எங்கும் சொல்லவில்லை. அவர்களுடைய முதல் கோரிக்கை பணத்தைப் பற்றியது. 1,300 கோடி டாலருக்கு மேல் அறக்கட்டளை நிதி வைத்திருந்த தங்கள் பல்கலைக்கழகம் அதை எந்தெந்த நிறுவனங்களில் போட்டிருக்கிறது என்பதை வெளியிட வேண்டும், இஸ்ரேலின் போரால் இலாபம் பெறும் நிறுவனங்களிலிருந்து அதைத் திரும்பப் பெற வேண்டும் என்றே கேட்டார்கள். கட்டணம் கட்டுகிறவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டியவர் கணக்குக் கேட்பதில் என்ன முறைகேடு?

முறைப்படி கேட்டுப் பார்க்காமல் அவர்கள் புல்வெளிக்கு வரவில்லை. 2020இலேயே கொலம்பியா கல்லூரி மாணவர்களிடையே இதே கோரிக்கை வாக்கெடுப்புக்கு விடப்பட்டு 61 விழுக்காட்டினர் ஆதரித்தனர், நிர்வாகம் ஏற்கவில்லை. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பின், முதலீடுகள் குறித்து ஆலோசனை கூறுவதற்கென்றே பல்கலைக்கழகம் அமைத்திருக்கும் குழுவிடம் எழுத்து மூலம் முன்மொழிவு கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் அதுவும் தள்ளுபடியானது. ஏப்ரல் 17 அதிகாலையில் கூடாரங்கள் எழுந்தன. மறுநாளே பல்கலைக்கழகத் தலைவர் மினூஷ் ஷஃபீக் நியூயார்க் காவல்துறையை அழைக்க, நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர்.

அந்த ஏப்ரல் 18ஆம் தேதியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அதே நாளில்தான் ஐ.நா. நியமித்த சுயேச்சை வல்லுநர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதுவரை காஸாவில் 5,479 மாணவர்களும் 261 ஆசிரியர்களும் 95 பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கொல்லப்பட்டிருந்தனர் என்றும், பள்ளிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் இடிந்தோ சேதமுற்றோ கிடந்தன என்றும் அது கூறியது. அங்கிருந்த அல் இஸ்ரா பல்கலைக்கழகம் அதே ஆண்டு ஜனவரியில் இஸ்ரேலியப் படையினரால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. படிக்கப் போன இடத்தில் படிக்க முடியாமற்போனவர்கள் யார் என்று கேட்டால், நியூயார்க் மாணவர்களை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 30 அதிகாலையில் மாணவர்களில் ஒரு பிரிவினர் பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் கட்டடத்துக்குள் புகுந்து, அதற்குக் காஸாவில் மாண்ட ஹிந்த் ரஜப் என்ற சிறுமியின் பெயரைச் சூட்டினர். உறவினர்கள் இறந்து கிடந்த காருக்குள்ளிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தைப் போன்ற செம்பிறைச் சங்கத்தாரிடம் தொலைபேசியில் உதவி கேட்டுக்கொண்டே இருந்த குழந்தை அவள். அவளை மீட்கச் சென்ற ஆம்புலன்சிலிருந்த இருவரும் அவளுடன் மாண்டனர். அந்தப் பெயர் அங்கே எழுதப்பட்டதில் எனக்கு மறுப்பில்லை. கண்ணாடியை உடைத்து உள்ளே போனதை ஆதரிக்கவும் இல்லை. ஆயினும் அந்தக் கட்டடத்துக்கு இது புதிதல்ல. வியட்நாம் போர் நடந்த 1968இல், பாதுகாப்புத் துறைக்கான ஆய்வு நிறுவனத்தோடு பல்கலைக்கழகம் வைத்திருந்த தொடர்பை எதிர்த்தும், அருகிலிருந்த பூங்காவில் உடற்பயிற்சிக்கூடம் கட்டுவதை எதிர்த்தும் மாணவர்கள் அங்கேதான் நுழைந்தனர். எழுநூறு பேர் அளவில் கைதானார்கள், தொடர்பும் அறுந்தது, கூடமும் கைவிடப்பட்டது. 1985 ஏப்ரலில் அதே கட்டடத்தின் வாயிலை மூன்று வாரம் மறித்தவர்கள் அதற்கு மண்டேலாவின் பெயரை வைத்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில், நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்காவில் வணிகம் செய்த நிறுவனங்களின் பங்குகளை விற்பதென அறங்காவலர்கள் முடிவெடுத்தனர்.

இவர்கள்மீது எனக்குள்ள குறை வேறு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். சுமார் 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இதன் முதலாண்டு நிறைவையொட்டி, கூடாரப் போராட்டத்தை நடத்திய அதே மாணவர் கூட்டமைப்பு ஆயுதப் போராட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தது. ஒரு பக்கத்துப் பிணங்களை எண்ணிக் கணக்குக் கேட்கும் கை, மறுபக்கத்துப் பிணங்களிடம் வரும்போது எண்ணுவதை நிறுத்தினால், கேட்ட கணக்கின் மதிப்பைக் கேட்டவரே குறைத்துவிடுகிறார். கூடாரங்களில் யூத மாணவர்களும் இருந்தார்கள், ஏப்ரலில் தங்கள் பாஸ்கா பண்டிகை விருந்தையும் அங்கேயே நடத்தினார்கள்; அவர்களுக்கும் இது சங்கடத்தைத்தான் கொடுத்திருக்கும்.

நிர்வாகம் என்ன செய்தது? முதலீட்டைத் திரும்பப் பெற முடியாது என்று ஏப்ரல் 29 அன்று அறிவித்த ஷஃபீக், நேரடி முதலீடுகளின் பட்டியலை மாணவர்கள் பார்ப்பதற்கு வழி செய்வதாக அதே அறிக்கையில் முன்வந்தார். அதை ஏப்ரல் 17 அன்றே சொல்லியிருக்கலாமே. அயர்லாந்தில் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியும் முதலில் முறுக்கிக்கொண்டுதான் நின்றது. மாணவர் சங்கத்துக்கு இரண்டு லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. மே மாதத் தொடக்கத்தில் அங்கும் கூடாரங்கள் முளைத்தன. பேச்சு நடத்தினார்கள், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இயங்குவதாக ஐ.நா. பட்டியலிட்ட இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது, ஐந்தே நாளில் மாணவர்கள் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கொலம்பியாவில் முதன்மைப் பட்டமளிப்பு விழாவே ரத்தாயிற்று. ஆகஸ்டில் ஷஃபீக்கும் பதவி விலகினார்.