ஏ.சி. ஷீட் போட்டால் வீடு குளிருமா?

கேள்வி: கஜா புயலில் ஓட்டுக்கூரை போய், சிமெண்ட் ஷீட் போட்டோம். இப்போது பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. சென்னையிலிருக்கும் மகன் 'கேன்சர் வரும், உடனே பிரி' என்கிறான். பிரிக்கவா? (திருத்துறைப்பூண்டி)

பதில்: அவசரம் வேண்டாம். ஷீட் உடையாமல், ஓரம் உதிராமல் இருக்கிறவரை அதிலுள்ள கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். அறுத்தால், துளைபோட்டால், சுரண்டினால்தான் தூளாகி மூச்சில் ஏறும். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். மேலே ஏறவும் வேண்டாம், பழைய ஷீட் ஆள் கனம் தாங்காது. மகனிடம் சொல்லுங்கள், தெரியாத ஆளை வைத்துப் பிரிப்பதில்தான் ஆபத்து அதிகம்.

கேள்வி: 'ஆஸ்பெஸ்டாஸ் கிடையாது, வெறும் சிமெண்ட் ஷீட்' என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். பில்லில் 'ஏ.சி. ஷீட்' என்று இருக்கிறது. வீட்டுக்குக் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். (கும்பகோணம்)

பதில்: ஏ.சி. என்றால் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட், அம்மா. சித்திரை மாதம் மத்தியானம் அதன் கீழே படுத்தால் குளிர்ச்சி எவ்வளவு என்று தெரிந்துவிடும். உங்களைக் கேலி செய்யவில்லை. இந்தப் பெயர் விளையாட்டு மேல் எனக்குப் பழைய கோபம்.

அரிசி வாங்கும்போது உள்ளங்கையில் தேய்த்து, பல்லில் கடித்து, பழசா புதுசா என்று பார்க்கிற ஊர் நம்முடையது. தலைக்கு மேல் வைக்கிற பொருளை மட்டும் கடைக்காரர் சொன்ன பெயரிலேயே வாங்கி வந்துவிடுகிறோம். சிமெண்ட் ஷீட், ஏ.சி. ஷீட், ரூஃபிங் என்று எதையாவது சொல்வார்கள், 'கல்நார்' என்ற சொல் மட்டும் வாயில் வராது. ஷீட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே தடை போட்டது. வெட்டியெடுத்து நமக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த கனடாகூட 2018-ல் தடை செய்தது. இங்கே சுரங்கம்தான் நின்றது, இறக்குமதி நிற்கவில்லை. ஆகவே விற்பது குற்றமில்லை. இல்லையென்று பொய் சொல்லி விற்பது நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்.

ஷீட்டின் மேல் அச்சைப் பாருங்கள். ஐ.எஸ். 459 என்ற இந்தியத் தர எண் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ்தான், வாதமே கிடையாது. அதைப் படமெடுத்து, பில் நகலோடு கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், பிறகு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: பழைய ரைஸ்மில்லைப் பிரித்த ஷீட் பாதி விலைக்கு வந்தது. பில் இல்லை. ஒரே மழையில் பத்து ஷீட் விரிசல். பணம் திரும்பக் கிடைக்குமா? (மன்னார்குடி)

பதில்: கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பில் தராதது வியாபாரி தப்பு. நீங்கள் கேட்டீர்களா?

திட்டுகிற தகுதி எனக்கும் குறைவுதான். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா கரையைக் கடந்தது. அடுத்த வாரம் ஷீட்டுக்கு அலையாத ஆளில்லை. நானும் பில் இல்லாமல் இருபது பழைய ஷீட் வாங்கினேன். நீளம் கூடுதல் என்று கொல்லையில் கிரைண்டர் வைத்து அறுத்தோம். பச்சரிசி மாவு மாதிரி தூள் பறந்து, கொடியில் கிடந்த புடவையில் படிந்தது. அம்மா அதை முகத்துக்கு நேரே இரண்டு உதறு உதறி மடித்து வைத்தார். நான் பக்கத்தில் நின்று கூலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: உடைந்த ஷீட் துண்டுகளைச் சேற்றுக்காக வாசலில் பரப்பியிருக்கிறோம். பரவாயில்லையா? (வலங்கைமான்)

பதில்: இல்லை. நனைத்து அள்ளுங்கள், இன்றைக்கே.

கேள்வி: பிரித்துவிட்டு கலர் ஷீட் போடப்போகிறோம். சுத்தியலால் தட்டி இறக்கினால் அரை நாள் வேலை என்கிறார் மேஸ்திரி. கைக்குட்டை கட்டினால் போதாதா? (பட்டுக்கோட்டை)

பதில்: போதாது. கண்ணுக்கே தெரியாத நாரைக் கைக்குட்டை எப்படித் தடுக்கும்? முகத்தோடு ஒட்டி உட்காருகிற, நுண்தூசியை வடிக்கும் பி100 முகக்கவசம் வேண்டும், என்95 போதாது. சாரம் கட்டுங்கள். தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஷீட்டை ஊற நனையுங்கள். போல்ட் துருப்பிடித்திருந்தால் போல்ட்டை வெட்டுங்கள், ஷீட்டை உடைக்காதீர்கள். முழு ஷீட்டாகக் கைக்குக் கை இறக்கி, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி ஒட்டுங்கள். விளக்குமாறு கூடாது, ஈரத்துணிதான். வேலை செய்த துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

எங்கே போடுவது? அபாயக் கழிவுக்கான கிடங்கு கும்மிடிப்பூண்டி மாதிரி தொலைவில்தான் இருக்கிறது. பட்டுக்கோட்டையிலிருந்து பத்து ஷீட்டை யார் அங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்பீர்கள், நியாயம். நகராட்சிக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கட்டு அப்படியே ஓரமாக இருக்கட்டும், வாய்க்காலில் தள்ளாதீர்கள்.

கேள்வி: கணவருக்கு இருபது வருடமாக ஷீட் அறுக்கிற வேலை. இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பீடியால்தான் என்கிறார்கள். (பாபநாசம்)

பதில்: பீடியோடு நிறுத்திக்கொள்ள விடாதீர்கள், அம்மா. கல்நார் நுரையீரலில் தங்கி இருபது, முப்பது வருடம் கழித்தும் நோயாக வரும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 'இருபது வருடம் ஷீட் அறுத்தேன்' என்பதை அவர் முதல் பேச்சாகவே சொல்லட்டும், டாக்டர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். பீடியை விடத்தான் வேண்டும், இரண்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பல மடங்கு.

கல்நார்த் தூளால் நுரையீரல் தழும்பேறும் நோயான ஆஸ்பெஸ்டோசிஸ், ஊழியர் இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. எந்த வருடம், எந்த கான்ட்ராக்டர், எந்த ஊர், கூட யார் வேலை பார்த்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். சீட்டுக்கணக்கு நோட்டின் பின்பக்கம் போதும்.