ஒரே ஹெடரில் ஐந்து ஃபேன்?

கேள்வி: கம்ப்யூட்டர் கேபினட்டில் ஐந்து ஃபேன் மாட்டியிருக்கிறேன். மதர்போர்டில் சிபியு ஃபேனுக்குப் போக மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஹெடர் (ஃபேன் ஒயரைச் செருகும் பின் வரிசை). ஒன்றைப் பலதாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயர் வாங்கி ஐந்தையும் அதிலேயே செருகிவிடலாமா? போர்டு போய்விடும் என்று நண்பன் பயமுறுத்துகிறான்.

பதில்: நண்பர் சொல்வது நடக்குமா நடக்காதா என்பது ஃபேனின் முதுகிலேயே எழுதியிருக்கிறது. காற்று வெளியேறும் பக்கம் நடுவில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 12 வோல்ட் என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் 0.15 ஆம்பியர், 0.25 ஆம்பியர் என்று ஏதாவது இருக்கும். ஐந்தையும் கூட்டுங்கள். மதர்போர்டு ஃபேன் ஹெடர் பெரும்பாலும் தாங்குவது 1 ஆம்பியர், அதாவது 12 வாட். (வாட்டர் கூலிங் பம்ப்புக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் ஹெடர் சில போர்டுகளில் 2, 3 ஆம்பியர்கூடத் தரும். கையேட்டைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.)

0.15 வீதம் ஐந்து என்றால் 0.75. தாராளமாக ஓடும். 0.25 என்றால் 1.25. கூடவே கூடாது. நின்றிருக்கும் ஃபேன் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிட அதிகமாக இழுக்கும். அதனால் நான் 0.8-ஐத் தாண்டுவதில்லை.

இந்தக் கணக்கு எனக்கு ஓசியில் வரவில்லை. ஒருமுறை நான்கு ஃபேனை, ஸ்ப்ளிட்டருக்குள் ஸ்ப்ளிட்டர் செருகி, ஒரே ஹெடரில் தொங்கவிட்டேன். ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. பவர் போட்டதும் நான்கும் ஒரு துடிப்புத் துடித்து நின்றன. புகை, வாசனை எதுவும் இல்லை. போர்டு இன்றைக்கும் ஓடுகிறது, அந்த ஹெடர் மட்டும் செத்தது செத்ததுதான்.

உங்கள் கூட்டல் எல்லை தாண்டினால், சாட்டா பவரில் (ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் கனெக்டர்) ஓடும் ஃபேன் ஹப், அதாவது பல ஃபேனைச் செருகும் பெட்டி, ஒன்று வாங்கிவிடுங்கள். கரண்ட் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) நேராக வரும், மதர்போர்டிலிருந்து வேகக் கட்டளை மட்டும்தான் வரும். ஃபேன் கனெக்டரின் நான்கு பின்னில் ஒன்று கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட், மூன்றாவது ஃபேன் சுற்றும் வேகத்தைப் போர்டுக்குச் சொல்வது, நான்காவது போர்டு ஃபேனுக்கு உத்தரவிடுவது (பிடபிள்யூஎம் என்பது இதுதான்). சாட்டா பவர் கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர் தாங்கும். ஐந்து ஃபேன் அதற்குத் தூசு.

ஹப் போட்டபின் பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) ஒரே ஃபேனின் வேகம்தான் தெரியும். மற்ற நான்கும் ஓடவில்லையோ என்று பதறாதீர்கள். ஐந்து ஃபேனும் ஒரே ஒயரில் வேகத்தைச் சொன்னால் போர்டுக்குத் தாறுமாறான எண்தான் கிடைக்கும், அதனால் வேண்டுமென்றேதான் ஒன்றை மட்டும் இணைத்திருக்கிறார்கள். நல்ல ஸ்ப்ளிட்டரிலும் ஒரு முனையில் மட்டும் நான்கு பின்னும் இருக்கும், மற்றதில் ஒன்று குறையும். பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்!

உங்களுடையது மூன்று பின் ஃபேனாக இருந்தால் கதையே வேறு. அதற்கு உத்தரவு கேட்கும் பின் கிடையாது, வோல்டேஜைக் குறைத்தால்தான் வேகம் குறையும். பெரும்பாலான சாட்டா ஹப்களில் அது எப்போதும் முழு வேகத்தில் கத்திக்கொண்டேயிருக்கும். மூன்று பின் ஃபேனுக்கு ஸ்ப்ளிட்டர்தான் சரி, பயாஸில் ஹெடரை டிசி முறைக்கு (வோல்டேஜை மாற்றி வேகத்தை மாற்றுவது) மாற்றிவிட்டு.

பழைய மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சளுக்கும் (12 வோல்ட்) சிவப்புக்கும் (5 வோல்ட்) நடுவே ஃபேனைக் கொடுத்து 7 வோல்ட்டில் ஓட்டும் வித்தையை யாராவது சொல்வார்கள். ஃபேன் ஓடும்தான். ஆனால் கரண்ட் திரும்பிப் போவது 5 வோல்ட் லைனுக்குள். அந்த லைன் கரண்டைக் கொடுப்பதற்கென்று செய்தது, வாங்கிக்கொள்வதற்கல்ல. என் மேஜைக்கு வரும் மெஷினில் அப்படி இருந்தால் முதலில் அதைத்தான் பிடுங்குவேன்.

ஃபேனில் கலர் லைட் இருக்கிறதா? அதன் ஒயர் தனி. 5 வோல்ட் லைட்டை 12 வோல்ட் ஹெடரில் அழுத்திச் செருகினால் எல்இடி அத்தனையும் போய்விடும்.