சைக்கிள் ஸ்டாண்டும் ஒரு கோடீஸ்வரரும்

கணக்குப்பிள்ளை பதில்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகர், "தியேட்டர் தொழிலில் கடைசிவரை ஜெயித்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டிருந்தார். "அமெரிக்காவில் பிலிப் அன்ஷூட்ஸ் என்று ஒருவர் இருக்கிறார்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஒரு வரி போதாது என்று கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. ஆகவே இந்த வாரம் முழுக்க அவர்தான். ஊறுகாய் ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்று கேட்ட அம்மா அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

இந்தப் பெயரை எங்கள் வணிகவியல் பாடப் புத்தகத்தில் எங்கும் பார்க்கவில்லையே ஐயா, யார் இவர்?
— கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பார்த்திருக்க மாட்டாய் மகளே. தன் பெயர் எங்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். 1939 டிசம்பரில், கன்சாஸ் மாநிலத்தில் ரஸ்ஸல் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழில் செய்தவர். பட்டம் வாங்கிய 1961-ஆம் ஆண்டே அப்பாவின் கம்பெனியை மகன் விலைக்கு வாங்கிக்கொண்டார். நம் பேட்டையில் அப்பாவின் கடை மகன் கைக்கு வருவதற்குள் இரண்டு வக்கீல்கள் வீடு கட்டிவிடுவார்கள்.

மணலி எண்ணெய் ஆலையின் குழாய் உச்சியில் இரவில் நெருப்பு எரிவதை நீ பார்த்திருப்பாய். அது கட்டிப்போட்ட நெருப்பு. 1967-இல் வயோமிங் மாநிலத்தின் ஜில்லெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் அன்ஷூட்ஸ் தோண்டிய கிணற்றில் பிடித்தது கட்டவிழ்த்த நெருப்பு. எண்ணெய் பீறிட்டது என்று தகவல் வந்ததும், சுற்றியிருந்த நிலங்களின் எண்ணெய் உரிமையை எல்லாம் அவர் கடன் சொல்லி வளைத்துப் போட்டிருந்தார். அந்தச் சமயத்தில் கிணறே பற்றிக்கொண்டது. கையில் காசில்லை, தலைக்குமேல் கடன், கண்ணெதிரே சொத்து எரிகிறது. எண்ணெய்க் கிணற்றுத் தீயை அணைப்பதில் அன்றைக்குப் பேர்போனவர் ரெட் அடேர். அவரோ, இந்த இளைஞரிடமிருந்து கூலி வந்து சேருமா என்று தயங்கினார்.

அப்போது யுனிவர்சல் படக் கம்பெனி இதே ரெட் அடேரின் கதையை நடிகர் ஜான் வெய்னை வைத்துப் படமாக்கிக்கொண்டிருந்தது. அன்ஷூட்ஸ் அவர்களை அழைத்தார். செட்டுப் போட்டு நெருப்பு மூட்டுவானேன், நிஜ நெருப்பே இங்கே எரிகிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கட்டணம் ஒரு லட்சம் டாலர். அடேருக்கு வேலை நடந்தது, கம்பெனி பிழைத்தது.

தியேட்டர் கணக்கறையில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்தவன் நான். எரிகிற வீட்டுக்கு டிக்கெட் போட்டு விற்ற ஒருவரை நான் படித்தது அதுதான் முதல்முறை. பிற்பாடு அவர் செய்ததெல்லாம் இதன் பெரிய பதிப்புகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1982-இல் யூட்டா, வயோமிங் எல்லையில் இருந்த தன் எண்ணெய் வயலில் பாதியை மொபில் கம்பெனிக்கு 50 கோடி டாலருக்கு விற்றார். கையில் பெரும் பணம் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

எண்ணெய்க்காரருக்கு ரயில் எதற்கு? நான் முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவன். ரயிலில் லாபம் பார்த்த தனியாள் யாரையும் நான் பார்த்ததில்லை.
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கொருக்குப்பேட்டை

பெட்டியை ஏன் பார்க்கிறீர்கள், தண்டவாளத்தைப் பாருங்கள் அண்ணே. 1984-இல் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே என்ற ரயில் கம்பெனியை வாங்கினார், 1988-இல் அதைவிடப் பெரிய சதர்ன் பசிபிக்கை வாங்கினார். 1996-இல் அது யூனியன் பசிபிக்கோடு இணைந்தது. ஆனால் தண்டவாளத்தின் ஓரமாகக் கேபிள் பதிக்கும் உரிமையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் ஊராக நீளும் அந்த ஒற்றைத் துண்டு நிலத்துக்கு யாரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டாம். அதில் கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள், குவெஸ்ட் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனி பிறந்தது. நம் ரயில்வேயும் 2000-இல் ரயில்டெல் நிறுவனத்தைத் தொடங்கி இதே வேலையைச் செய்தது. உங்கள் யார்டு ஓரத்தில் குழி வெட்டியது ஞாபகம் இருக்கும்.

குவெஸ்ட் கதை அழகாக முடியவில்லை. 2000-இல் 60 டாலருக்குமேல் போன பங்கு, இரண்டே வருடத்தில் ஒன்றிரண்டு டாலருக்கு வந்தது. கம்பெனியை நடத்திய ஜோசப் நாச்சியோ, உள்தகவலை வைத்துப் பங்கு விற்ற குற்றத்துக்காக 2007-இல் தண்டிக்கப்பட்டார். அன்ஷூட்ஸ் மீது குற்ற வழக்கு இல்லை. ஆனால் விலை உச்சத்தில் இருந்த காலத்தில் அவரும் ஏராளமாகப் பங்கு விற்றிருந்தார். புதுப்பங்கு ஒதுக்கீடு தொடர்பான ஒரு புகாரில், 2003-இல் 44 லட்சம் டாலரை அறக்காரியங்களுக்குக் கொடுத்துச் சமாதானமும் செய்துகொண்டார். சேமிப்பை அந்தப் பங்கில் போட்டு இழந்தவர்களின் கணக்கை யார் எழுதினார்கள்? அவரைப் புகழும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன. நான் புரட்ட மாட்டேன்.

எங்கள் தெருமுனைத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். அதற்கு அடுத்தது அடுக்குமாடி. ஊரே தியேட்டரை விற்கும்போது இவர் வாங்கினார் என்றால் புத்தி பேதலித்தவரா?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

2000, 2001-இல் அமெரிக்காவில் பெரிய தியேட்டர் கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின. கடன் வாங்கி, இருபது திரை கொண்ட வளாகங்களை ஒன்றுக்கு எதிரே ஒன்றாகக் கட்டியதன் பலன் அது. படம் பார்க்க வந்த கூட்டம் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. அன்ஷூட்ஸ் இதைக் கவனித்தார். தியேட்டரை வாங்கப் போகாமல், தியேட்டர் கம்பெனிகளின் கடன் பத்திரங்களை, கைகழுவினால் போதும் என்று மற்றவர்கள் தள்ளிவிட்ட விலைக்கு வாங்கினார். திவால் வழக்கு முடியும்போது பெரிய கடன் யாருக்குப் பாக்கியோ அவன்தானே முதலாளி? ரீகல், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், எட்வர்ட்ஸ் ஆகிய மூன்றும் 2002-இல் ஒரே கம்பெனியாயின. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட திரைகள். 2018-இல் அந்த ரீகல், சினிவேர்ல்டு கம்பெனிக்கு 360 கோடி டாலருக்குக் கைமாறியது. இரண்டு வருடத்தில் கொரோனா வந்து எல்லாத் தியேட்டரையும் பூட்டியது. வாங்கிய சினிவேர்ல்டு 2022-இல் திவால் நீதிமன்றத்தில் நின்றது. இதை அதிர்ஷ்டம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் கணக்கு எழுதிய தியேட்டர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்தது. பெயர் வேண்டாம், முதலாளியின் பிள்ளைகள் இன்னும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். ஒரு தீபாவளிக்குப் பெரிய நடிகர் படம் என்று, ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று முன்பணமாக மினிமம் கியாரண்டி கொடுத்துப் பெட்டி எடுத்தோம். நான்காம் நாள் மேட்னிக்கு முப்பத்தெட்டுப் பேர். வினியோகஸ்தர் பணத்தைத் திருப்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மின்கட்டணம் கட்டியது எந்தப் பணம் தெரியுமா? சைக்கிள் ஸ்டாண்டுக் குத்தகைப் பணம்.

டிக்கெட் வசூலில் கேளிக்கை வரி போக, மிச்சத்தில் பெரும்பங்கு வினியோகஸ்தருக்கு. அவருடைய ஆள் வாசலில் நின்று டிக்கெட் எண்ணுவார். ஆனால் சைக்கிள் ஸ்டாண்டு, கேன்டீன், இடைவேளை ஸ்லைடு இவற்றில் அவருக்கு ஒரு காசு பங்கு கிடையாது. படம் ஓடினால் நடிகருக்குப் பெயர். ஓடாவிட்டாலும் முப்பத்தெட்டுப் பேர் சைக்கிளை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே சோளப்பொரி.

அன்ஷூட்ஸ் ஒரு சைக்கிள் ஸ்டாண்டுக்காரர். 1995-இல் பங்காளி ஒருவரோடு லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியை வாங்கினார். ஹாக்கிக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். 1999-இல் நகரின் நடுவே ஸ்டேபிள்ஸ் சென்டர் என்ற உள்ளரங்கம் எழுந்தது. கிங்ஸ் அங்கே ஆடியது, கூடைப்பந்தில் லேக்கர்ஸும் கிளிப்பர்ஸும் வாடகைக்கு வந்தன, ஆட்டமில்லாத இரவுகளில் பாட்டுக் கச்சேரி. அரங்கத்தின் பெயரையே ஒரு காகிதக் கடைக் கம்பெனிக்கு விற்றார்கள். 2021-இல் அதே பெயர்ப் பலகையை கிரிப்டோ நாணயக் கம்பெனி ஒன்றுக்கு மறுபடி விற்றார்கள். எதிரே ஓட்டல், உணவகம், திரையரங்கு என்று ஒரு பேட்டையே முளைத்தது. எந்த அணி ஜெயித்தாலும் வண்டி நிறுத்தித்தானே ஆக வேண்டும்?

அவர் எப்போதாவது படத்தில் தலை காட்டியிருக்கிறாரா?
— மீன் வியாபாரம் செய்யும் அம்மா, காசிமேடு

இல்லை அம்மா. பேட்டி கொடுப்பதே அபூர்வம். நம் ஊரில் வட்டச் செயலாளருக்கு இருக்கும் சுவரொட்டிகூட அவருக்கு இல்லை.

ஒரே ஆள் ஆறு கால்பந்து அணிகளை வைத்திருந்தார் என்று என் மாணவன் சொல்கிறான். உண்மையா? அப்படி ஒருவர் எங்கள் பக்கம் வருவாரா?
— கால்பந்துப் பயிற்சியாளர், வியாசர்பாடி

உண்மை. அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக் 1996-இல் தொடங்கியது. பணம் கரைந்தது. 2002 ஆரம்பத்தில் ஃபுளோரிடாவின் இரண்டு அணிகளை மூடினார்கள், மிச்சம் பத்து. அதில் ஆறு அன்ஷூட்ஸுடையவை. சேவல் சண்டையில் இரண்டு சேவலும் ஒருவருடையதே என்றால் பந்தயம் யார் கட்டுவார்கள் என்று கேட்கலாம். கேட்டார்கள். அவர் கையை எடுத்திருந்தால் லீக்கே இருந்திருக்காது என்பது பதில்.

என் சைக்கிள் ஸ்டாண்டுக் கணக்கு இங்கே பொருந்தவில்லை. சொந்த வாசலே இல்லாத காலத்தில், வருடக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கினார். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு வழக்கமான மனிதராகத் திரும்பினார். 2003-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் கார்சனில் 27,000 பேர் உட்காரும் சொந்தக் கால்பந்து மைதானம், 2007-இல் அங்கே ஆட டேவிட் பெக்கம். மற்ற அணிகளை ஒவ்வொன்றாக விற்று, அந்த மைதானத்தில் ஆடும் லாஸ் ஏஞ்சலிஸ் கேலக்ஸியை மட்டும் வைத்துக்கொண்டார். பெக்கமும் லேசானவர் இல்லை. பின்னாளில் 2.5 கோடி டாலருக்கு ஓர் அணி தொடங்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். இன்றைக்கு மெஸ்ஸி ஆடும் இன்டர் மயாமி அதில் பிறந்ததுதான்.

உங்கள் பக்கம் வருவாரா என்றால், வர மாட்டார் ஐயா. நம் சென்னையின் எஃப்.சி. அணியில் தோனியும் அபிஷேக் பச்சனும் பங்கு வைத்தார்கள். ஆடிய நேரு அரங்கமோ அரசுடையது. அணி ஒருவருடையது, வாசல் இன்னொருவருடையது. உங்கள் பிள்ளைகளுக்கு அவசரத் தேவை முதலாளி இல்லை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்காத ஒரு மைதானம். அதை மாநகராட்சியிடம் கேளுங்கள், மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

மைக்கேல் ஜாக்சனின் கடைசி நிகழ்ச்சிகளுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?
— நடனப் பள்ளி நடத்துபவர், பெரம்பூர்

உண்டு. லண்டனில் 2000-ஆவது ஆண்டைக் கொண்டாட அரசு ஒரு மாபெரும் கூடாரம் கட்டியது. ஒரு கோடியே இருபது லட்சம் பேர் வருவார்கள் என்றார்கள், அறுபத்தைந்து லட்சம் பேர் வந்தார்கள். ஒரு வருடத்தில் பூட்டிவிட்டார்கள். பூட்டிக் கிடந்தால் அன்ஷூட்ஸ் சும்மா இருப்பாரா? அவருடைய ஏ.இ.ஜி. கம்பெனி அதைக் கச்சேரி அரங்கமாக்கி 2007-இல் திறந்தது, அதுதான் ஓ2. அங்கேதான் 2009-இல் ஜாக்சன் ஐம்பது நாள் ஆடுவதாக இருந்தது. ஜூன் 25 அன்று இறந்துபோனார். மருத்துவரை நியமித்ததில் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு என்று அவருடைய தாயார் வழக்குத் தொடர்ந்தார். 2013-இல் நடுவர் குழு கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றது. தீர்ப்பு அப்படி. ஐம்பது வயதுக்காரரை ஐம்பது இரவுகள் ஆடச் சொன்ன அட்டவணையைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

கேரமுக்கு ஏன் இப்படி ஒரு பணக்காரர் வரவில்லை?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், ராயபுரம்

போர்டைச் சுற்றி நின்றால் இருபது பேருக்குத்தான் காய் தெரியும். அதில் பாதிப்பேர் ஆட வந்தவர்கள், மீதிப்பேர் யோசனை சொல்ல வந்தவர்கள். யாரிடம் டிக்கெட் கிழிப்பது? நம் வடசென்னைப் பெண் காசிமா 2024-இல் அமெரிக்காவுக்குப் போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். அன்ஷூட்ஸின் அரங்கம் இருக்கும் அதே கலிபோர்னியாவில்தான். அவர் கவனித்திருக்க மாட்டார்.

தம்பி, கையெழுத்தை வைத்து நீ யார் என்று தெரிந்துகொண்டேன். நம் கேரம் மன்றத்தின் பொருளாளரும் நான்தான் என்பது உனக்கு நினைவிருக்கட்டும். உன் பெயருக்கு நேரே இரண்டு மாதச் சந்தா பாக்கி. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போன ஸ்டிரைக்கரையும் கையோடு கொண்டு வா.