34க்கு 1 என்று ஜெயித்தும் சட்டமாகவில்லை!

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் என் மகன், ‘சாதிப் பாகுபாட்டைத் தடுக்க ஒரு பெண் செனட்டர் கொண்டுவந்த மசோதா பாஸாகிவிட்டது’ என்று 2023இல் போனில் சொன்னான். இப்போது கேட்டால் அப்படிச் சட்டமே இல்லை என்கிறான். எது சரி?
- வாசகர், விருதுநகர்

பதில்: இரண்டுமே சரிதான். ஹேவர்ட் பகுதி செனட்டர் ஆயிஷா வகாப் கொண்டுவந்த எஸ்.பி. 403 (செனட் மசோதா எண் 403) அது. மே மாதம் செனட்டில் 34க்கு 1, ஆகஸ்டில் பேரவையில் 50க்கு 3. நடுவில் இந்து அமைப்புகள் சில கடுமையாக எதிர்க்க, ‘சாதி’யைத் தனி வகையாக வைக்காமல் ‘வம்சாவளி’ என்பதற்குள் அடக்கித் திருத்தினார்கள். ஆதரவாளர்கள் உண்ணாவிரதமே இருந்தார்கள், அதில் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தேன்மொழி சௌந்தரராஜனும் ஒருவர். எல்லாம் முடிந்து அக்டோபர் 7ஆம் தேதி கவர்னர் கவின் நியூசம் (அங்கே கவர்னர் என்றால் நம் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கட்சிக்காரர்), ‘இருக்கிற சட்டமே போதும், இது தேவையில்லை’ என்று திருப்பிவிட்டார். இத்தனைக்கும் வகாபும் அவரும் ஒரே கட்சி! அங்கே எந்த உறுப்பினராவது ‘என் மசோதாக்கள் இத்தனை பாஸாகின’ என்று நோட்டீஸ் அடித்தால், கையெழுத்து எத்தனைக்கு விழுந்தது என்று உங்கள் மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கவர்னர் திருப்பினால் என்ன, நம் சட்டசபை மாதிரி மறுபடி நிறைவேற்றி அனுப்ப வேண்டியதுதானே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நம் ஊரில் சாதாரணப் பெரும்பான்மையே போதும். 2023 நவம்பர் 18இல் 10 மசோதாக்களை அப்படித்தான் மறுபடி நிறைவேற்றினார்கள் (அப்புறம் அவை ஜனாதிபதியிடம் போய், உச்ச நீதிமன்றம் வரை இழுபட்டது வேறு கதை). கலிபோர்னியாவில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது செனட்டில் 27, பேரவையில் 54. மேலே பாருங்கள், பேரவையில் விழுந்ததே 50தான். தவிர, சொந்தக் கட்சி கவர்னரின் மூக்கை உடைக்க யார் வருவார்கள்? நாற்பது வருஷத்துக்கும் மேலாக அங்கே யாரும் அதைச் செய்ததில்லை. ஒன்று மட்டும் அங்கே உருப்படி: கவர்னர் மசோதாவைக் கிடப்பில் போட முடியாது, கெடுவுக்குள் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் இருந்தால் அது தானாகவே சட்டமாகிவிடும்.

கேள்வி: அங்கே ஒரு தனி உறுப்பினர் மசோதா கொண்டுவருகிறாரே, நம் எம்.எல்.ஏ.க்கள் ஏன் செய்வதில்லை?
- வாசகர், திருப்பூர்

பதில்: செய்யலாம், தனிநபர் மசோதாவுக்கு விதி இருக்கிறது. ஆனால் இங்கே அமைச்சரே சபைக்குள் உட்கார்ந்திருப்பதால் அரசின் மசோதாவை அவரே தாக்கல் செய்கிறார், மற்றவர்களுக்கு மேசை தட்டும் வேலை. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அங்கே கவர்னரும் அவருடைய துறைத் தலைவர்களும் சபை உறுப்பினர்களே இல்லை, ஆகவே அரசுக்கு ஒரு மசோதா வேண்டுமென்றாலும் யாராவது ஓர் உறுப்பினரைப் பிடித்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் மசோதாக்கள் குவிந்து, ஆளுக்கு இத்தனைதான் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள்.