பேக்டரியிலேயே டெஸ்ட் பார்த்து வாங்கிய டிரான்ஸ்பார்மரை, சைட்டில் மறுபடி ஏன் டெஸ்ட் பண்ணச் சொல்கிறார்கள்?

இரண்டும் ஒரே டெஸ்ட் இல்லை. நான் மில்லில் எலெக்ட்ரிகல் பராமரிப்பு பார்ப்பவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பேக்டரியில் பார்ப்பதில் பாதியை சைட்டில் பார்க்கவே முடியாது. முக்கியமாக இழப்பு, அதாவது டிரான்ஸ்பார்மர் தானே தின்றுவிடும் மின்சாரம். லோடே இல்லாவிட்டாலும், உள்ளே இரும்புக் கோரில் ஆகும் இரும்பு இழப்பு 24 மணி நேரமும் மீட்டரில் ஏறிக்கொண்டிருக்கும். ஆர்டரில் ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டினால் அங்கேயே பேசி முடித்துவிட வேண்டும். லோடு ஓடும்போது காயில் கம்பியில் ஆகும் செப்பு இழப்பை 75 டிகிரிக்கு மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அன்றைய சூட்டிலேயே எழுதினால் குறைவாகத்தான் தெரியும். மீட்டர்களின் கேலிப்ரேஷன் சான்றிதழை, மதியம் ஹோட்டலுக்குக் கூட்டிப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

லாரியில் ஏறியதும் கவலை வேறு. வழியில் பலமாக இடித்தால் உள்ளே காயில் அசையலாம். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. அதனால் வழியில் பட்ட இடிகளைப் பதிவு செய்யும் இம்பேக்ட் ரெக்கார்டர் வைத்து அனுப்பச் சொல்லி, இறக்குவதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் எல்ஆரில் (லாரி ரசீதில்) எழுதித்தான் கையெழுத்து. இல்லையென்றால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். பிறகு எஸ்எஃப்ஆர்ஏ (பல அதிர்வெண்களில் சிக்னல் கொடுத்து, காயில் அசைந்திருக்கிறதா என்று கோடாகக் காட்டும் டெஸ்ட்) எடுத்து, பேக்டரியில் எடுத்த கோட்டோடு ஒப்பிட வேண்டும். இரண்டு தடவையும் டேப் நிலை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சின் நிலை) ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் இல்லாமலும் இங்கே எண்ணெயோடும் எடுத்தால் கோடு நகரத்தான் செய்யும், காயில் நகர்ந்துவிட்டது என்று வீண் பீதி.

சைட் டெஸ்டில் எனக்குப் பெரிய விஷயம் புக்கால்ஸ் ரிலே. உள்ளே கோளாறால் வாயு சேர்ந்தால், மிதவை இறங்கி அலாரம் கொடுத்து மின்சாரத்தைத் துண்டிக்க வைக்கும் கருவி அது. பேக்டரியில் அதன் கான்டாக்ட் சேர்கிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும். அது டிரிப் செய்ய வேண்டிய பிரேக்கர் நம் பேனலில் அல்லவா இருக்கிறது! பயணத்தில் ஆடாமலிருக்க ரிலேயின் மிதவையைக் கட்டி அனுப்புவதுண்டு. எங்கள் மில்லுக்கு வந்த ஒன்றில் கட்டு அவிழ்க்கப்படவே இல்லை. ரிலேக்குள் காற்றை ஏற்றியும் அலாரம் வராததால்தான் தெரிந்தது. அப்படியே லைனில் போட்டிருந்தால், உள்ளே வாயு சேர்ந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

எந்தெந்த டெஸ்ட், யார் செலவு, எது பாஸ் என்பதையெல்லாம் ஆர்டரோடு சேர்த்து எழுதிவிடுங்கள். கடைசித் தவணை சைட் டெஸ்ட் கையெழுத்துக்குப் பிறகே. அதற்குப் பதில் பேங்க் கேரண்டி தருகிறோம் என்றால் வாங்கலாம். ஆனால் காலாவதித் தேதியைப் பாருங்கள். பவுண்டேஷன் வேலை இழுத்தடித்தால், பெட்டியைப் பிரிப்பதற்குள் கேரண்டி முடிந்துவிடும்.